சமவெளிச்சம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த புண்ணியவான் ‘கட்டிப்பார்’ விளையாட்டை ஆடியிருந்தால், முதல் பாதியை மரியாதையாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பான். அதில் வீடு கட்ட மணல் வேண்டாம், கொத்தனார் வேண்டாம், அறிவும் வேண்டாம். கண்ணை மூடி வேறோர் உலகத்தைக் காட்டும் மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்மேல் கல்லாக அடுக்கினால் போதும். தமிழ்நாட்டில் பாதிப் பேர் அடுக்கினார்கள். அடுக்கியதையெல்லாம் தினமும் போய்ப் பார்க்கவேண்டிய தலையெழுத்து கோமதிநாயகத்துக்கு வாய்த்தது.

அந்த விளையாட்டின் வெளிச்சத்துக்கு அவன்தான் பொறுப்பு. சூரியன் எங்கே உதிக்க வேண்டும், ஜன்னல் வழியாக விழும் வெயில் தரையில் பட்டு எதிர்ச்சுவரில் எவ்வளவு தெறிக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் போட்ட கணக்கு. பெருங்குடி அலுவலகத்தின் ஏழாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, சென்னையின் சித்திரை வெயிலையும் ஐப்பசி மப்பையும் அச்சு அசலாகக் கொண்டுவந்திருந்தான். தன்னுடைய சூரியன் நிஜச் சூரியனைவிட ஒழுங்காக வேலைக்கு வருகிறது என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். அந்தச் சூரியனுக்குக் கீழே ஜனங்கள் கட்டிய லட்சணத்தைத்தான் அவனால் சகிக்க முடியவில்லை. குளியலறைக்குள் நான்கு தூண்கள், ஒவ்வொரு தூணின் உச்சியிலும் ஒரு சிங்கத்தலை. ஹாலுக்கு நடுவில் நீச்சல்குளம், அதன் கரையில் துணி காயப்போடக் கொடி. சாமிக்கு மட்டும் இடம் போதாமல் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மாடம்.

“இவங்க கையில செங்கல்லக் குடுத்தவன மொதல்ல உதைக்கணும்” என்று அவன் அடிக்கடி சொல்வான். சொல்வதைக் கேட்க ஆள் இருக்க வேண்டும் என்ற அவசியம் அவனுக்கு இல்லை.

இப்படிக் கட்டியவர்கள் சும்மா இருந்தார்களா? புகார் எழுதினார்கள். எல்லோருக்கும் ஒரே புகார்: சுவரெல்லாம் கறுப்புத் திட்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கோமதிநாயகம் அதைத் தள்ளியே வைத்திருந்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த ரசனை கெட்ட கூட்டம் சொன்னது சரி. விளையாட்டில் ஒவ்வொரு கல்லும் தன்மீது விழும் வெளிச்சத்தைத் தனித்தனியாகக் கணக்குப் போட்டது. பக்கத்துக் கல் என்ன கணக்குப் போட்டது என்று அதற்குத் தெரியாது. அதனால் பத்துக் கல் சேர்ந்த சுவர், தேமல் படர்ந்த முதுகு மாதிரி ஓரிடம் வெளுத்தும் ஓரிடம் கறுத்தும் தெரிந்தது. தன் வேலையில் தப்பு இருக்கிறது என்பதைவிட, அதைச் சிங்கத்தலைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் அவனுக்கு ஆறவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மேருகிரி பில்டர்ஸ் வந்து சேர்ந்தது.

ஓடைக்கரையில் இருந்த குடிசைகளையும் ஓட்டு வீடுகளையும் எடுத்துவிட்டு, அதே மண்ணில் நான்கு கோபுரங்கள் எழுப்பி, அங்கிருந்தவர்களுக்கே ஆளுக்கொரு ஃபிளாட் தருவது அவர்களுடைய திட்டம். ஃபிளாட் வேண்டாம் என்பவர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு மனை. காலி மனைதான், தகரமோ ஓலையோ அவரவர் சாமர்த்தியம். ஓடைக்கரைச் சமூகக்கூடத்தில் கண்ணாடிகளை வைத்து, தங்களுக்கு வரப்போகும் ஃபிளாட்டின் உள்பக்கத்தைக் ‘கட்டிப்பார்’ விளையாட்டில் அவர்களையே கட்டச் சொன்னார்கள். வெளிச்சுவர் நான்கும் ஜன்னல்களும் மேருகிரி கொடுத்தது, அதைத் தொட முடியாது. உள்ளே எங்கே சமையல், எங்கே படுக்கை, என்ன வர்ணம் என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். கட்டி முடித்ததும் ‘இது நானே கட்டிய வீடு, எனக்கு முழுச் சம்மதம்’ என்று வரும் வாசகத்தின்மேல் விரல் ரேகை வைக்க வேண்டும்.

“எவ்ளோ அழகான ஐடியா பாத்தீங்களா?” என்றான் ஹரிஷங்கர். அவன் இந்தத் திட்டத்தின் தலைவன், கோமதிநாயகத்தைவிடப் பதினைந்து வயது இளையவன், பேசும்போது கைகளால் காற்றில் பெட்டி போடுகிறவன். “நாளைக்கு யாரும் வந்து வீடு சரியில்லன்னு சொல்ல முடியாது. கட்டுனது அவங்கதான?”

கோமதிநாயகம் அதை ரசிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. மேருகிரியில் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டான். படித்தவன் சூதும் வாதும் செய்வது ஒன்றும் புதுச் செய்தி இல்லை.

ஓடைக்கரையிலிருந்தும் புகார்கள் வந்தன. அவற்றில் ஒன்று குரல் பதிவாக வந்தது.

“சார், என் பேரு ரோசலின். நான் ஆரி ஒர்க் பண்றவ, கல்யாண பிளவுஸுக்கு. எனக்குப் பகல் வெளிச்சம் வேணும், டியூப் லைட்டுல பாசி கோத்தா கலர் மாறிப் பூடும், கண்ணும் வலிக்கும். அதான் பின்ரூம எனக்குன்னு கட்டி வச்சிருக்கேன். காலைல பத்து மணின்னு வச்சுப் பாக்குறேன், சுவரு ஃபுல்லா கறுப்பாக் கீது. நெசமாவே அப்படித்தான் இருக்குமா, இல்ல உங்க கேமு கோளாறா? ரெண்டுல ஒண்ணு கரெக்டா சொல்லிடுங்க சார். நெசம்னா நான் தூரத்து மனைய வாங்கிகினு போய்டுவேன். பஸ்ஸு இல்லாட்டியும் அங்க வெயிலாச்சும் இருக்கும்.”

கோமதிநாயகம் அந்த வீட்டுக்குள் போனான். சிங்கத்தலை எதிர்பார்த்துப் போனவனுக்கு ஏமாற்றம். இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, பின்னறையில் ஜன்னலை ஒட்டித் துணியை இழுத்துக் கட்டும் நீளமான மரச்சட்டம். வேறு ஒன்றும் இல்லை. வர்ணத்தையெல்லாம் உரித்துவிட்டு வீட்டைச் சாம்பல் நிறமாக்கினான். அது வெளிச்சக்காரர்களின் வழக்கம். வர்ணம் போனால் வெளிச்சம் மட்டும் மிஞ்சும், பொய் சொல்லாது. பிறகு நேரத்தைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை மெதுவாக நகர்த்தினான்.

கல்லுக்குக் கல் மாறும் தேமல் அப்படியே நின்றது. அது அவன் தப்பு. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கறுப்பு இருந்தது. கல் இடுக்குகளை மதிக்காமல், சுவர் முழுக்க மெத்தென்று படர்ந்து, சூரியனோடு சேர்ந்து மெல்ல நகர்ந்தது. அவன் ஜன்னலுக்கு வெளியே மேருகிரி போட்டிருந்த அழகான பனிமூட்டத்தை அகற்றிப் பார்த்தான். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இரண்டாவது கோபுரத்தின் முதுகு நின்றது.

தேமலைச் சரிசெய்ய அவனுக்குச் சில நாட்கள் ஆயின. கற்களைத் தனித்தனியாக எண்ணாமல் ஒரு வீட்டையே ஒரே தோலாக எடுத்துக் கணக்குப் போடவைத்தான். இடுக்குகள் மறைந்தன. சுவர்கள் மழமழவென்று வந்தன. தமிழ்நாடு முழுக்க இருந்த சிங்கத்தலைகள்கூடக் கொஞ்சம் பார்க்கும்படி ஆயின. ரோசலினின் பின்னறை மட்டும் இன்னும் சுத்தமாகக் கறுத்தது.

ஹரிஷங்கர் அவனைக் கூப்பிட்டான்.

“ஓடைக்கரைல இன்னும் திட்டு வருதாமே சார்?”

“அது திட்டு இல்ல ஹரி. நெழல். கல்லு கல்லா வந்தது நம்ம தப்பு, அத எடுத்தாச்சு. இது பக்கத்து டவரோட நெழல். கட்டி முடிச்சா அந்த ரூமு நெஜமாவே இப்படித்தான் இருக்கும்.”

“யூசருக்கு ரெண்டும் ஒண்ணுதான சார்? கறுப்பாத் தெரியுது, கம்ப்ளெயின்ட் பண்றாங்க.”

“நெஜத்த எப்படிய்யா சரி பண்றது?”

“நீங்க நெனச்சா முடியும்.” ஹரிஷங்கர் காற்றில் ஒரு பெட்டி போட்டான். “ஒரு ரூமுக்குள்ள அதிக வெளிச்சம் எங்க இருக்கோ, அத எடுத்து ரூம் முழுக்க சமமாப் பூசிடுங்க. சமவெளிச்சம். பேரே நல்லாருக்குல்ல? சார், அவங்க மூஞ்சிய நேர்ல பாத்திருக்கீங்களா? இவ்ளோ நாள் தகரத்துக்குக் கீழ இருந்தவங்க. அவங்களுக்கு வெளிச்சத்துல என்ன தெரியப்போவுது?”

கோமதிநாயகத்துக்கு ஹரிஷங்கரைக் கண்டால் ஆகாது. ஆனால் கடைசி வாக்கியம் அவன் வாயிலிருந்தே வந்ததுபோல இருந்தது. பல வருஷமாக அவன் சொல்லி வந்ததுதானே அது? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? தான் மாதக்கணக்கில் செதுக்கிய வெயிலுக்குக் கீழே நீச்சல்குளக் கரையில் லுங்கி காயப்போட்டவர்களுக்காகச் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. தகுதியில்லாதவர்களிடம் சொல்கிறோம் என்று ஆறுதல்பட்டுக்கொண்டான்.

சமவெளிச்சத்தை எழுதிப் போட்டான். ரோசலினுக்கும் அவளைப் போலக் கேட்ட மற்றவர்களுக்கும் பதில் எழுதச் சொன்னார்கள், அதையும் எழுதினான். ‘சுவரில் கறுப்புத் திட்டு தெரிந்தால் அது எங்கள் விளையாட்டின் கோளாறு. உங்கள் வீட்டில் எந்தக் கோளாறும் இல்லை.’ மேருகிரிக்கு அந்த வாசகம் ரொம்பப் பிடித்துவிட்டது. பெரிதாக அச்சடித்துச் சமூகக்கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள்.

மறுநாளிலிருந்து ஓடைக்கரையில் ஒருவரும் விரல் வைக்கவில்லை.

என்ன ஏது என்று விசாரித்த ஹரிஷங்கர் முகம் வெளிறித் திரும்பி வந்தான். “சார், ஆளுங்களுக்கு நெழலு விழலையாம்.”

உண்மைதான். எல்லா இடத்திலும் ஒரே வெளிச்சம் என்றால் நிழலுக்கு இடமேது? அறைக்குள் நடந்த ஆட்களின் காலடியிலும் நிழல் இல்லை. யாரோ ஒரு கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் வருங்கால வீட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, குனிந்து பார்த்து, அலறிக்கொண்டு எழுந்திருக்கிறார். நிழல் விழாதவனுக்கு ஆயுசு முடிந்தது என்று அவருக்குத் தெரியும். நிழல் இல்லாமல் நடமாடுவது எது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மேருகிரி சுடுகாட்டு மண்ணில் அடித்தளம் போடுகிறது என்று சாயங்காலத்துக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. அத்தனை குடும்பமும் தூரத்து மனையே போதும் என்று கிளம்பத் தயாரானது.

கோமதிநாயகம் வாய்விட்டுச் சிரித்தான். இப்படி ஒரு ஜனமா! அறை இருட்டாக இருக்கும் என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பேய் என்றதும் கூட்டமாகத் தப்பித்துக்கொண்டார்கள். மடத்தனமே அவர்களைக் காப்பாற்றிவிட்டது. போய்த் தொலையட்டும், நல்லதுதான் என்று அவன் மனசுக்குள் ஒரு பாரம் இறங்கக்கூடச் செய்தது.

அதை அப்படியே விட்டிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஹரிஷங்கர் போகிறபோக்கில் ஒன்று சொன்னான்.

“மேருகிரில கேட்டாங்க சார். லைட்டிங்ல சொதப்பிட்டோம்னு சொல்லிட்டேன். வேற டீம் யாராச்சும் நெழலோட பண்ணித் தருவாங்களான்னு பாக்கறாங்களாம்.”

“யாரு சொதப்புனது?”

“கோச்சுக்காதீங்க. ஆனா நெழலு இல்லல்ல?”

நிழலைப் பற்றி அவனுக்கு இன்னொருவன் பாடம் எடுப்பதா? கோமதிநாயகம் நேரே இருக்கைக்குப் போனான். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ஒவ்வோர் ஆளின் காலடியிலும் ஒரு கறுப்பு வட்டம். ஓரங்கள் லேசாகக் கலைந்த, தோசைக்கல் அளவு வட்டம். காலையிலும் அதே வட்டம், உச்சிவெயிலிலும் அதே வட்டம். அந்தக் காலத்துச் சின்னப்பிள்ளை விளையாட்டுகளில் போடும் மட்டரகமான ஏமாற்று அது. வேறு எவனாவது போட்டிருந்தால் அவன் காறித் துப்பியிருப்பான்.

ஓடைக்கரைக்கு அது போதுமானதாக இருந்தது. கிழவர் குனிந்து பார்த்தார், வட்டம் இருந்தது, ஆயுசு திரும்பி வந்தது. மேருகிரி ஒரு பூசாரியை அழைத்துப் பூசணிக்காய் சுற்றி உடைத்ததாகவும் கேள்வி. வரிசையில் நின்று விரல் வைத்தார்கள்.

கடைசி நாளன்று சமூகக்கூடத்துக் கண்ணாடிகளில் இரண்டு மக்கர் செய்வதாகச் சொல்லி, கோமதிநாயகத்தை அங்கே அனுப்பினார்கள். ஓடைக்கரையை அவன் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெயில் தகரத்தில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. கூடத்து வாசலை ஒட்டி ஒரு பெண் தரையில் சட்டத்தை வைத்து, துணியை இழுத்துக் கட்டி, ஆரி ஊசியால் பாசி கோத்துக்கொண்டிருந்தாள். தன் முறை வரும்வரைகூட வேலையை நிறுத்த முடியாத ஆள். வெயில் விலக விலக அவளும் சட்டத்தோடு நகர்ந்துகொண்டாள். அவளைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. குரலைக் கேட்டதும் சந்தேகமே இல்லை.

“மிசினு பாக்க வந்தவரா சார்? சீக்கிரம் பாத்து வுடுங்க. நான் ரேக வச்சுட்டுப் போய் இந்த பிளவுஸக் குடுக்கணும்.”

அவள் நடுத்தர வயசுக்காரி. கண்ணுக்குக் கீழே கருவளையம். விரல் நுனிகள் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்தன. கோமதிநாயகம் அந்தக் கையையே பார்த்தான். அவன் சிங்கத்தலைகளை வெறுத்தது நியாயம்தான், ஆனால் இவள் சிங்கத்தலை எதுவும் வைக்கவில்லை. வெளிச்சத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு அவன் பொய் சொன்னான்.

கூடத்தில் மேருகிரி ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். கோமதிநாயகம் குரலைத் தாழ்த்தினான்.

“ரோசலின்தான? உங்களுக்குப் பதில் எழுதுனது நாந்தான். அந்த பின்ரூமு இருட்டும்மா. பக்கத்துலயே இன்னொரு டவர் வருது. ரேக வைக்காதீங்க. மனையவே வாங்கிக்கோங்க.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “இருட்டா? நேத்துதான சார் பாத்துட்டுப் போனேன், பளிச்சுனு இருந்துச்சு.”

“நான் காட்டறேன், மாட்டுங்க.”

அவள் கண்ணாடியை மாட்டினாள். அவன் கையில் இருந்த கருவியில், அந்த ஒரு கண்ணாடிக்கு மட்டும் சமவெளிச்சத்தை அணைத்தான். பனிமூட்டத்தையும் எடுத்தான். அவனுடைய பழைய சூரியன், யாருக்கும் பயப்படாத சூரியன், காலைப் பத்து மணியை அந்த அறைக்குள் கொண்டுவந்தது. கொண்டுவந்தது கொஞ்சம்தான். மீதியைக் கோபுரத்தின் முதுகு வாங்கிக்கொண்டது.

“அய்ய” என்றாள் ரோசலின். “மறுபடியும் வந்துட்சு பாரு.”

“வரலம்மா. இதுதான் நெஜம்.”

“இன்னா சார் நெஜம்? கறுப்புத் திட்டு வந்தா கேமு கோளாறுன்னு நீங்கதான எழுதுனீங்க? அதோ சுவத்துலயே ஒட்டிக் கீது.”

“அது பொய். என்னை எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன்.”

ரோசலின் கண்ணாடியைக் கழற்றினாள். அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை கோமதிநாயகத்துக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இத்தனை வருஷமாக அவன் மற்றவர்களின் வீடுகளை அப்படித்தான் பார்த்திருந்தான்.

“யாருக்குக் கேக்குற அந்த வீட்ட?” என்றாள். மரியாதை போய்விட்டது. “மூணாவது மாடி, மூலை வீடு, லிப்டு நின்னாலும் ஏறிடலாம். நான் வேணான்னுட்டு மனைக்குப் போய்ட்டா யாரு பேர்ல மாத்துவ? உன் மச்சான் பேர்லயா? கூடப் பொறந்தவன் மாறி வந்து காதுல ஓதுற!”

“அய்யோ, அப்படி இல்லம்மா. எனக்கு ஒண்ணும் வேணாம். உங்க கண்ணுக்காகத்தான் சொல்றேன்.”

“என் கண்ணாலதான் பாத்தேன். நேத்து நல்லா இருந்துச்சு. இன்னிக்கி நீ கைய வச்ச, கெட்டுப் போச்சு.” வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோசலின் அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னாள். “மிசினு ரிப்பேரு பண்ண வந்தவரு, இருந்ததையும் கெடுத்துட்டு, அதான் நெஜம்ன்றாரு. வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, தெரிஞ்சவன அனுப்பச் சொல்றோம்.”

யாரோ சிரித்தார்கள். கோமதிநாயகத்துக்குக் காது மடல் சுட்டது. அவனை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வீட்டைப் பறிக்க வந்தவன் என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டான். வேலை தெரியாதவன் என்று, அதுவும் வெளிச்சத்தைப் பற்றி, இந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒருத்தி சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு அந்த இருட்டை அப்படியே விட்டிருக்கலாம். மக்கர் செய்கிற கண்ணாடியில் ரேகை வைக்க மாட்டேன் என்று அவள் எழுந்து போயிருக்கவும் கூடும். அவனுக்கு அது தெரிந்திருந்தது. அவன் விரல் கருவியின் மேல் நின்றது, தயங்கியது, பிறகு தட்டியது.

“இப்பப் பாருங்க” என்றான்.

ரோசலின் கண்ணாடியை மாட்டித் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். இல்லாத ஜன்னலோரம் போய், இல்லாத சட்டத்துக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு பாசியைக் கோப்பதுபோலப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

“ம். இப்ப பளிச்சுனு கீது.”

டீ குடிக்கப் போனவன் திரும்பி வந்தான். அவள் சேலை முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, நானே கட்டிய வீடு என்ற வாசகத்தின்மேல் அழுத்தி ரேகை வைத்தாள். துணியைச் சுருட்டிச் சட்டத்தோடு அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவள், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“கோச்சுக்காத சார். வூடு கைவுட்டுப் போய்டுமோன்னு பயத்துல கண்டபடி பேசிட்டேன். ஒடனே சரி பண்ணிக் குடுத்துட்ட, நல்லா இருப்ப.”

“பரவால்லம்மா” என்றான் கோமதிநாயகம்.